பின்னால் வருவதைப் பார்க்க மூன்று கருவிகள்: சாலைக்கு இறங்கும் சைக்கிளுக்கு எது உதவும்?

சைக்கிள் நடைபாதையில் ஏறக்கூடாது, சாலையில்தான் போக வேண்டும் என்ற விதி எங்கே வந்தாலும் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பின்னால வர்ற லாரிய நான் எப்படிப் பார்க்கிறது? முதுகுல கண்ணா இருக்கு?" சாலை குறுகல், ஓரமெல்லாம் வண்டி நிறுத்தியிருக்கிறார்கள், குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று வரும் முறையீடுகள் எல்லாமே நியாயமானவை. அபராதத்தின் மேல் வரும் கோபம் நாளாக ஆக அடங்கிவிடும். பின்னால் என்ன வருகிறதோ என்ற பயம் மட்டும் தினமும் கூடவே வரும். அந்தப் பயத்துக்கு என்று விற்கும் மூன்று கருவிகளைப் பற்றியது இந்த மதிப்பீடு.

விதி ஒன்றும் புதிதில்லை. பிரிட்டனில் நடைபாதையில் வண்டி ஓட்டக்கூடாது என்ற சட்டம் 1835லேயே வந்துவிட்டது; சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று 1888இல் அதோடு சேர்த்தார்கள். ஜப்பானிய சட்டத்தில் சைக்கிள் ஓர் இலகுரக வாகனம். சாலையில் ஓட்டுவதுதான் அங்கே பொது விதி. 13 வயது நிரம்பாதவர்கள், 70 வயதைத் தொட்டவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. பலகை வைத்து அனுமதித்த நடைபாதைகளும் உண்டு. நடைமுறையில் எல்லோரும் நடைபாதையிலேயே ஓட்டிப் பழகிவிட்டதால், 2011 அக்டோபரில் காவல்துறை இந்த விதியை மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. 2026 ஏப்ரல் முதல் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் சைக்கிள் விதிமீறல்களுக்கு அபராதச் சீட்டு என்றும் ஆனது. இரண்டு முறையும் ஜனங்களிடமிருந்து வந்த கேள்வி மேலே சொன்னதுதான்.

நடைபாதையில் போனால் பத்திரம் என்று தோன்றுவதற்குக் காரணம், அங்கே பின்னாலிருந்து எதுவும் வராது. ஆபத்து அங்கே பக்கவாட்டில் இருக்கிறது. கேட்டிலிருந்து வெளியே வரும் கார், தெருமுனையில் திரும்பும் வேன் எல்லாம் நடைபாதையில் நடக்கிற வேகத்தில் வரும் ஆளைத்தான் எதிர்பார்க்கும். நடப்பவர் ஒரு நொடியில் ஒன்றேகால் மீட்டர் வருவார். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் நாலு மீட்டருக்கு மேல் வந்துவிடும். டிரைவர் பார்த்தபோது காலியாக இருந்த இடத்தில் அவர் திரும்பும்போது சைக்கிள் நிற்கும். சாலையில் ஓட்டினால் எல்லோருடைய கண்ணிலும் படுகிறோம். அதற்குப் பதிலாக, பின்னால் வருவதை நாமும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவனிக்கத் தலையைத் திருப்பினால் போதாதா? வலது பக்கம் நகர்வதற்கு முன்பும் திரும்புவதற்கு முன்பும் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும், எந்தக் கருவியை மாட்டினாலும் சரி. ஆனால் 18 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி பின்னால் பார்த்தால் அதற்குள் ஐந்து மீட்டர் குருடாகப் போயிருப்போம். அந்த ஐந்து மீட்டரில் ஒரு பள்ளம் இருக்கலாம், கார்க் கதவு ஒன்று திறக்கலாம். அதோடு, தலை திரும்பும் பக்கமே தோளும் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் போகும். லாரி வருகிறதா என்று பார்க்கப்போய் லாரியின் பக்கமே சாய்ந்துவிடுவது இப்படித்தான். வலது பக்கம் பார்க்கும்போது வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டால் இந்த இழுப்பு பெரும்பாலும் இருக்காது. காலி மைதானத்தில் கோடு போட்டு, அதன் மேலேயே ஓட்டிப் பழகினால் நாலைந்து நாளில் வந்துவிடும். கண்ணாடி வாங்கும் முன்பே இதைப் பழகிவிடுங்கள்.

இனி கருவிகள். இடது பக்கம் ஓட்டும் நாடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வலது பக்கம் ஓட்டும் இடத்தில் இருப்பவர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஹேண்டிலின் வலது முனையில் செருகும் கண்ணாடி. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். 5 முதல் 8 செ.மீ. அகலத்தில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். பெரும்பாலும் குவிகண்ணாடி, அதாவது நடு சற்றுப் புடைத்தது. சமதளக் கண்ணாடி உருவத்தைச் சரியான அளவில் காட்டும், ஆனால் காட்டும் பரப்பு குறைவு. சின்னதாக ஹேண்டிலில் வைத்தால் ஒரு வண்டியின் பாதிதான் தெரியும். குவிகண்ணாடியில் சாலையின் முழு அகலமும் தெரியும். அதற்கு விலையாக எல்லாமே சின்னதாகவும் தூரத்தில் இருப்பது போலவும் தோன்றும். முதல் வாரம் கண்ணாடியில் பார்த்த தூரத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள். கண்ணாடியில் ஒரு தடவை, உடனே தலையைத் திருப்பி ஒரு தடவை என்று பார்த்துப் பழகினால் கண் தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும்.

வாங்கும்போது முதலில் அளக்க வேண்டியது ஹேண்டில் குழாயின் உள்விட்டம். நேர் ஹேண்டில்களின் வெளிவிட்டம் கிரிப் மாட்டும் இடத்தில் பொதுவாக 22.2 மி.மீ.; உள்விட்டம் உலோகத்தின் தடிப்பைப் பொறுத்து மாறும். அலுமினியக் குழாய் தடிமன் என்பதால் துளை சின்னது, இரும்பில் கொஞ்சம் பெரியது. கண்ணாடியோடு வரும் விரியும் செருகி எந்த அளவு துளைக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த வரம்பின் ஓரத்தில் உங்கள் குழாய் விழுந்தால் அதை வாங்காதீர்கள். செருகி கடைசிவரை விரிந்து நிற்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் சீக்கிரம் விரிசல் விடும். கார்பன் ஹேண்டிலில் விரியும் செருகியை மாட்டவே கூடாது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் குழாய் பிளக்கலாம், அது வெளியே தெரியவும் தெரியாது.

மாட்டுவது பத்து நிமிட வேலை. கிரிப்பின் முனை மூடியிருந்தால் பிளேடால் வெட்டப் போராட வேண்டாம். கிரிப்பை முழுவதும் உள்ளே தள்ளி, மூடிய முனையில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் குழாயின் விளிம்பே காசு மாதிரி வட்டமாக வெட்டிவிடும். குழாய்க்குள் துரு இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்து, துணியால் துடையுங்கள். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், பிறகு செருகி எவ்வளவு முறுக்கினாலும் சுழலும். ஸ்குரூவைத் தளர்த்தி வைத்துச் செருகியை உள்ளே விட்டு, கண்ணாடியின் தண்டு போக வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு, ஆலன் கீயால் (ஸ்குரூவின் ஆறுமுகக் குழியில் பொருந்தும் சாவி) கால் சுற்று கால் சுற்றாக முறுக்குங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கையால் திருகிப் பாருங்கள். கை பலத்துக்கு அசையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போகும் அரைச் சுற்றில்தான் பெரும்பாலான செருகிகள் உடைகின்றன.

கோணம் வைப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, பக்கத்தில் நின்றபடி கண்ணாடியைத் திருப்பினால் சாலையில் ஏறி உட்கார்ந்ததும் வானம்தான் தெரியும். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, சுவரில் ஒரு கையை ஊன்றி, ஓட்டும்போது எப்படிக் குனிவீர்களோ அப்படியே உட்காருங்கள். கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் உங்கள் முழங்கையோ இடுப்போ ஒரு கீற்றளவு தெரிய வேண்டும். அந்தக் கீற்று இல்லாவிட்டால், கண்ணாடியில் தெரியும் வண்டி உங்களுக்கு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தொடுவானம் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி திருத்துங்கள். உட்கார்ந்து பார்த்ததற்கும் மிதித்துப் பார்ப்பதற்கும் சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும்.

கண்ணாடியைப் படிக்கத் தெரிவதுதான் இதன் முழுப் பயன். பின்னால் வரும் லாரி முதலில் உங்கள் முழங்கைக் கீற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். பெரிதாக ஆக அந்த உருவம் கண்ணாடியின் வெளி ஓரத்தை நோக்கி நகர்ந்தால், லாரி விலகி உங்களைத் தாண்டப் போகிறது என்று அர்த்தம். உருவம் இடம் மாறாமல் முழங்கைப் பக்கமே நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அது உங்கள் தடத்திலேயே வருகிறது. முகப்பு விளக்குகள் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் தூரத்திலும் உருவம் நகரவில்லையென்றால், உங்களுக்கு இன்னும் சில நொடிகள் இருக்கின்றன. கையை நீட்டி அசைத்துக் காட்டலாம், ஓரத்தில் இடமிருந்தால் ஒதுங்கலாம். பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றுதான்: நூற்றில் பெரும்பாலான வண்டிகள் விலகித்தான் போகின்றன. அதைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு ஹாரனுக்கும் தோள் இறுகுவது நிற்கும். தோள் தளர்ந்தால் சைக்கிளும் நேராகப் போகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஹேண்டில் முனையில் நிற்பதால் அகலம் கூடுகிறது. சைக்கிள் சாய்ந்தால் தரையில் முதலில் படுவது கண்ணாடிதான், அதனால் மடங்கும் தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்டு நீளமாக இருந்தால் நடுக்கமும் அதிகம்; கரடான சாலையில் பின்னால் வருவது காரா வேனா என்றே தெரியாத அளவுக்கு உருவம் கலங்கும். டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்கே காற்றடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடும். கண்ணாடியை எந்தப் பக்கமும் திருப்பவிடும் பந்து மூட்டு சில மாதங்களில் தளர்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கண்ணாடி தலை தொங்கும். மூட்டில் இறுக்கும் ஸ்குரூ இருந்தால் அதை முறுக்கலாம். இல்லாவிட்டால் பழைய டியூபில் ஒரு சின்னத் துண்டு வெட்டி பந்துக்கும் குழிக்கும் நடுவே வைத்தால் மறுபடி பிடிக்கும். அக்ரிலிக் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே கீறிவிடும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரவில் பின்னால் வரும் வண்டியின் ஒளி நேராகக் கண்ணில் அடித்தால் கண்ணாடியைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

பழைய ராடு பிரேக் சைக்கிளின் ஹேண்டில் முனைகள் பின்னோக்கி வளைந்திருக்கும். அதில் செருகும் கண்ணாடி உங்கள் கைக்குப் பின்னால் போய்விடும், முழங்காலும் இடிக்கும். அதற்குக் குழாயைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் வகைதான் சரி. பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டிலிலோ செருகும் இடம் தாழ்வாக இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் தொடை வந்து பார்வையை மறைக்கும். அவர்களுக்கு அடுத்த வகை பொருத்தம்.

இரண்டாவது, ஹெல்மெட்டிலோ மூக்குக்கண்ணாடியின் காதிலோ மாட்டும் சின்னக் கண்ணாடி. இரண்டு மூன்று செ.மீ. அகலம், சமதளக் கண்ணாடி. கண்ணுக்கு வெகு அருகில் இருப்பதால் அந்த அளவே போதும். உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்வதால் நடுக்கம் ஹேண்டிலை விடக் குறைவு. தலையை ஒரு அங்குலம் அசைத்தாலே பின்பக்கம் முழுவதையும் துழாவிவிடலாம். ஹேண்டில் கண்ணாடியில் இது முடியாது.

நாற்பதைத் தாண்டி, பக்கத்தில் வைத்துப் படிக்கத் தனிக் கண்ணாடி போடுகிறவர்கள் இவ்வளவு பக்கத்தில் உள்ளதை எப்படிப் பார்ப்பது என்று தயங்குவார்கள். உண்மை தலைகீழ். சமதளக் கண்ணாடியில் லாரி ஐம்பது மீட்டரில் வந்தால் கண்ணும் ஐம்பது மீட்டர் தூரத்துக்கே குவியும், கண்ணாடியின் தூரத்துக்கு இல்லை. குவிகண்ணாடியில்தான் உருவம் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னாலேயே உருவாகிறது. கை நீளத் தூரத்தில் கண் குவிய வேண்டியிருப்பதால் தூரத்தில் உள்ளதைப் பார்க்கும் கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு ஹேண்டில் கண்ணாடி கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது உங்கள் காது ஓரமாகத் தெரியும்படி வையுங்கள். பழக ஒரு வாரமாவது ஆகும். முதல் இரண்டு மூன்று நாள் சிலருக்குத் தலைவலிகூட வரும், ஒரு கண் முன்னாலும் ஒரு கண் பின்னாலும் பார்ப்பதை மூளை ஏற்றுக்கொள்ள நேரம் பிடிக்கிறது. இதன் பெரிய குறை, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நிற்பதுதான். விழுந்தால் கழன்று போகிற மாதிரி ஒட்டிய வகை நல்லது. கடினக் கம்பியை ஸ்குரூ போட்டு இறுக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைக்கும் ஒவ்வொரு முறையும் கோணம் மாறிவிடும், தினமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ராடார் வைத்த பின்விளக்கு. 2020இல் வந்த, கார்மின் நிறுவனத்தின் வேரியா ஆர்டிஎல்515 இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. எடை 71 கிராம். பின்னால் 140 மீட்டர் வரை வரும் வண்டியைக் கண்டுபிடித்து, ஹேண்டிலில் உள்ள சைக்கிள் கம்ப்யூட்டரிலோ (வேகமும் தூரமும் காட்டும் சின்னத் திரை) போனிலோ புள்ளியாகக் காட்டி ஒலி எழுப்பும். பின்விளக்காகவும் எரியும், தொடர்ந்து எரியவிட்டால் 6 மணி நேரம், பகலில் விட்டுவிட்டு மின்னும்படி வைத்தால் 16 மணி நேரம் சார்ஜ் நிற்கும். 54 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வருகிறது, நீங்கள் 18இல் போகிறீர்கள் என்றால் 140 மீட்டர் என்பது 14 நொடி முன்னறிவிப்பு. 90இல் வரும் பஸ்ஸுக்கு 7 நொடி. காற்று காதில் இரைகிற வெட்டவெளிச் சாலையில் இது உண்மையிலேயே பெரிய உதவி.

ஆனால் ராடார் கவனிப்பது வேக வித்தியாசத்தை. உங்கள் வேகத்துக்கே இறங்கி, தாண்ட இடமில்லாமல் முதுகோடு ஒட்டி வரும் வண்டி அதன் கணக்கில் மறைந்துவிடும். திரை காலி என்று காட்டும்போதுதான் மிக நெருக்கமான வண்டி பின்னால் இருக்கலாம். வண்டி விலகிப் போகுமா உரசிப் போகுமா என்பதையும் அது சொல்லாது. அதனால் ராடார் வாங்கினாலும் கண்ணாடியும் வேண்டும். நெரிசலான நகரத்தில் ஒலி ஓயவே ஓயாது, இரண்டு நாளில் எல்லோரும் அணைத்துவிடுகிறார்கள். தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 120 செ.மீ.க்கு மேற்படாமலும், சாலைக்கு இணையாக, சாய்வில்லாமல் மாட்ட வேண்டும். சீட்டுக்கடியில் தொங்கும் பையும் கேரியரில் வைத்த மூட்டையும் அதன் முகத்தை மறைத்தால் எதுவும் தெரியாது. கேரியரில் குழந்தை இருக்கை உள்ள சைக்கிளில் சீட் கம்பியில் மாட்டுவது வீண், கேரியரின் பின்முனைக்குத் தனிக் கிளாம்ப் தேவை.

குழந்தையை ஏற்றிப் போகிறவர்களுக்கு என் தேர்வில் சந்தேகமே இல்லை. பின்னிருக்கையில் பிள்ளை இருக்கும்போது தலையைத் திருப்பினால் பாதிச் சாலை பிள்ளையின் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும், வண்டியும் ஆடும். ஹேண்டில் முனைக் கண்ணாடி இருக்கையைத் தாண்டி வெளியே நிற்பதால் அந்த மறைப்பு இல்லை. நகரத்துக்குள் தினமும் போய்வருகிறவர்களுக்கும் அதுவே. வளைந்த ஹேண்டில், கார்பன் ஹேண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஹெல்மெட் கண்ணாடி. நெடுஞ்சாலையில் தனியாக நீண்ட தூரம் போகிறவர்கள் கண்ணாடியோடு ராடாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னால் பார்க்கத் தெரிந்ததும் மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. பயத்தில் எல்லோரும் சாலையின் விளிம்பிலேயே ஒட்டி ஓட்டுவார்கள். ஜல்லியும் சாக்கடை மூடியும் அங்கேதான் இருக்கின்றன. நிறுத்திய காரின் கதவு திறப்பதும் அங்கேதான். இவ்வளவு ஓரமாகப் போனால், தடம் மாறாமலேயே தாண்டிவிடலாம் என்று டிரைவருக்கும் தோன்றும். நிறுத்திய வண்டிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். ஜெர்மனியில் 2020இலிருந்து ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் விட வேண்டும், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். சைக்கிளைச் சாலைக்கு அனுப்பும் எந்த அரசும் இந்த இடைவெளியையும் சேர்த்தே சட்டமாக்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இடது பக்கம் திரும்பும் லாரிக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே மட்டும் எந்தக் கண்ணாடியை நம்பியும் நுழையாதீர்கள். அங்கே ஆபத்து உங்களுக்குப் பின்னால் இல்லை. லாரியின் பின் சக்கரம் முன் சக்கரத்தை விட உள்வாங்கித் திரும்பும், டிரைவரின் கண்ணாடியில் நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். சிக்னலில் லாரி நின்றிருந்தால் அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

கண்ணாடியை மாட்டிய முதல் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை ஆலன் கீயை வைத்து இறுக்கம் பாருங்கள், பிறகு டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் கையால் ஒரு திருகு திருகிப் பார்த்தால் போதும். கண்ணாடி உடைந்தால் செருகி நன்றாக இருக்கும்வரை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடித் தலையை மட்டும் தனியாக விற்கும் வகையா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.